கோட்டுப் பையில் இருந்த தாள்

டென்னசியில் விட்கம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் ராய்ஸ் டில்லரியும் நானும் ஒன்பது வருடம் ஒரே அறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். பந்தை எறிபவனுக்கு அரணாக நிற்கும் முன்வரிசைப் பையன்களுக்கு அவர் கோச். நான் தடுப்பாட்டத்தின் பின்வரிசைக்கு. ஆட்டம் என்பது வருடத்தில் மூன்று மாதம்தான். மற்ற நாட்களில் எங்களுக்கு இருந்த பெரிய வேலை, அடுத்த வருடத்துக்குப் பையன்களைப் பிடித்து வருவது. எனக்கு ஜார்ஜியா. அவருக்கு லூசியானா.

மற்ற பல்கலைக்கழகங்களின் கோச்சுகள் முதலில் பையன் ஆடுவதைப் பார்ப்பார்கள். நாங்கள் முதலில் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போம். நன்றாக ஆடுகிற பையன்கள் நூறு பேர் இருந்தால் எங்கள் சேர்க்கை அலுவலகம் பத்துப் பேரின் பட்டியலைத்தான் கையில் எடுக்கும். அந்தப் பத்தில் எட்டுப் பேருக்கு எங்கள் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். தொண்ணூற்றி நாலாம் வருடம் பதினொரு ஆட்டத்தில் ஒன்பதில் தோற்றிருந்தோம். விற்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சரக்கு பட்டம். அதைப் பையன்களிடம் விற்க முடியாது. அம்மாக்களிடம் விற்கலாம்.

ராய்ஸ் அதில் கெட்டிக்காரர். "முழங்கால் முப்பது வயசுல போயிடும். விட்கம் பட்டம் போகாது" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க எல்லாரையும் சேர்க்க மாட்டாங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு அப்போது ஐம்பத்தியொரு வயது. மனைவி பிரிந்துபோய் ஒஹையோவில் ஒரு பல் மருத்துவரை மணந்திருந்தார். ஒரே மகள் ஆரெகனில். பிறந்தநாளுக்கு ஃபோன் செய்வாள். டென்னசியில் அவருடைய வீட்டுக்கு நான் ஒருமுறை போனேன். ஒரு சோஃபாவும் தொலைக்காட்சியும் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியில் கடுகு பாட்டிலும் பாதி எலுமிச்சையும் இருந்தன. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் அவர் லூசியானாவில் ஏதாவது மோட்டலில் தங்கியிருப்பார். மோட்டலிலேயே வாஷிங் மெஷின் இருந்தாலும் துணி துவைக்கக் காசு போட்டு ஓட்டும் பொதுச் சலவைக் கடைக்குத்தான் போவாராம். "அங்க யாராவது பேசிக்கிட்டு இருப்பாங்க" என்று காரணம் சொன்னார்.

அந்த டிசம்பரில் அவர் செயின்ட் ஓடில் என்ற கரும்பு ஊருக்குப் போனார். அங்கே ஜாரெல் நார்சிஸ் என்ற பையன் இருந்தான். ஆறடி ஐந்தங்குலம். எடை முந்நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு பூனை மாதிரி நகர்வான். அதைவிட அதிசயம், கணக்கில் பள்ளியிலேயே முதல். கோடை விடுமுறையில் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவன், அது எப்படி ஓடுகிறது என்று பொறியாளரைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டவன். ராய்ஸ் எனக்கு மோட்டலிலிருந்து ஃபோன் செய்தார். "இருபது வருஷமா இந்தப் பையனைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

ஆனால் அந்தப் பையனை மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமும் குறி வைத்திருந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் வருகிற மைதானம் அவர்களுடையது. அவர்களுடைய ஆள் டுப்ரீ, பள்ளி மைதானத்தில் ராய்ஸைப் பார்த்ததும் சிரித்தாராம்.

"என்னய்யா லைப்ரேரியன், இந்தப் பக்கம்? புத்தகம் எதுவும் திருப்பிக் கொடுக்காம விட்டுட்டானா பையன்?"

"நீ வாசிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா கொண்டு வரேன், டுப்ரீ. படம் போட்டது."

"கொண்டு வா, கொண்டு வா. உங்க மைதானத்துல உக்காந்து படிக்கலாம். அமைதியா இருக்கும்."

ராய்ஸ் இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டுப்ரீ மோசமான ஆள் இல்லை. அவருக்கும் பிழைப்பு.

வீட்டுக்கு வாரம் ஒரு தடவைதான் போகலாம் என்று விதி. ஜாரெலின் அம்மா ரோஷெல் ஆலையில் கரும்பு லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்தார். அரைவைக் காலம் என்பதால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் வீட்டில் இருப்பார். அப்பா பிரிந்துபோய் டெக்சஸ் பக்கம் இருந்தார். பதினொரு வயதுத் தங்கை சிமோன் ஒருத்தி. ராய்ஸ் முதல் தடவை போனபோது அவள்தான் கதவைத் திறந்தாள்.

"நீங்கதான் தோக்குற டீமோட கோச்சா?"

"ஆமா."

"அம்மா, தோக்குற கோச் வந்திருக்காரு."

உள்ளேயிருந்து ரோஷெல் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே மகளை முறைத்தார். "மன்னிச்சுக்கங்க. இதுக்கு வாய் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு."

"உண்மையைத்தானே சொல்லுது, மிஸ் ரோஷெல்."

அன்று அவர் அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் இருந்தார். சோறும் மாட்டிறைச்சிக் குழம்பும் வைத்தார்கள். சமையலறை மேஜையில் இடம் போதாமல் ஜாரெல் தட்டைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டான். சிமோன் பள்ளியில் யார் யாருக்குச் சண்டை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரோஷெல் விட்கமைப் பற்றிக் கேட்டார். எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள், முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், பேராசிரியர்கள் ஃபுட்பால் பையன்களை எப்படி நடத்துகிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ராய்ஸுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது. கடைசியில் அந்த வாக்கியத்தையும் சொன்னார்.

"அங்க எல்லாரையும் சேர்க்க மாட்டாங்க."

ரோஷெல் பேனாவைக் கீழே வைத்தார். "என் பையனைச் சேர்ப்பாங்களா?"

"அவன் மாதிரிப் பையனுக்குத்தான் அந்த இடம்."

அவர் சொன்னது பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். கிறிஸ்துமஸுக்கு முன் அம்மாவையும் பையனையும் விட்கமுக்கு அழைத்து வந்து இரண்டு நாள் சுற்றிக் காட்டினார். ஜாரெல் ஒரு கணித வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். வெளியே வந்ததும் என்னிடம், "இங்க யாருமே சத்தமா பேச மாட்டாங்களா சார்?" என்று கேட்டான். நான் ஃபுட்பால் மைதானத்திலும் அப்படித்தான் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் நடைபாதையே திரும்பிப் பார்த்தது. ரோஷெல் பொறியியல் கட்டடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். நீராவி விசையாழி ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். "எங்க ஆலையில இருக்கறதே இதான். ஆனா இதுல அழுக்கு இல்ல" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ராய்ஸ் எங்கும் போகவில்லை. மகள் வரச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஃபோனில் பேசும்போதெல்லாம் நார்சிஸ் வீட்டைப் பற்றியே சொன்னார். சிமோன் என்ன கேட்டாள், ரோஷெல் எப்படி லாரி ஓட்டுநர்களைச் சமாளிக்கிறார். "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கப்பா" என்றார். எல்லாரும் எங்களைக் கோச் என்பார்கள். பால்காரன் வரைக்கும். ஒரு வீட்டில் அவரை ராய்ஸ் என்றழைத்ததில் அவருக்கு ஏதோ கிடைத்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். 

ஜனவரி முதல் வாரத்தில் சேர்க்கை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வெள்ளிக்கிழமை. அங்கே எங்கள் கோப்புகளைப் பார்ப்பவர் அடெல் வொர்திங். அவர் மோட்டலுக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார். ஒரே ஒரு பக்கம். ஜாரெலின் மதிப்பெண்கள் திருப்தி. ஆனால் ஆய்வகத்தோடு கூடிய வேதியியல் படிக்கவில்லை. அவன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாக ஆள் இல்லை. அது பையனின் குற்றம் இல்லை என்பது தெரிகிறது. இருந்தாலும் விதியைத் தளர்த்த முடியாது. நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள கல்லூரியில் மாலை நேர வேதியியல் வகுப்பு இருக்கிறது. பதிவு செய்யக் கடைசி நாள் பதின்மூன்றாம் தேதி. அதில் சேர்ந்தால் இடம் உறுதி. சேராவிட்டால் இல்லை. குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கவும்.

ராய்ஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே கோட்டோடு நார்சிஸ் வீட்டுக்குப் போனார். அரைவைக் காலம் முடிந்திருந்தது. ரோஷெல் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஓய்வெடுத்த முகத்தோடு இருந்தார். வெண்டைக்காயும் இறாலும் போட்டு வதக்கி, சோறு வைத்தார். சாப்பாட்டுக்கு நடுவில் ஜாரெல் தொண்டையைச் செருமினான்.

"கோச், நான் முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்டயே வரேன்."

சிமோன் முள்கரண்டியைப் போட்டாள். "ஐயோ, அண்ணன் தோக்கப் போறான்."

"நீ வாயை மூடு. நான் போனப்புறம் அவங்க ஜெயிப்பாங்க."

"எத்தனை மேட்ச்?"

"ரெண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். ரோஷெல் ராய்ஸின் தட்டை எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு கரண்டி சோறு போட்டு வந்தார். "சாப்பிடுங்க, ராய்ஸ். இன்னைக்கு நல்லா சாப்பிடுங்க."

அந்த நேரத்தில் பையிலிருந்து தாளை எடுத்திருக்க வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்று அவர் பிற்பாடு என்னிடம் பல விதமாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை டுப்ரீ வரவிருந்தார். சந்தேகம் என்ற வார்த்தை அந்த வீட்டுக்குள் நுழைந்தால் டுப்ரீ அதைப் பிடித்துக்கொண்டு கூரை வரை ஏறிவிடுவார். அடெல் கடைசியில் இறங்கி வருவார், இதற்கு முன்னால் ஒரு தடவை வந்திருக்கிறார். இவையெல்லாம் ஒரு கோச் சொல்லக்கூடிய காரணங்கள். ஒரு நாள் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது வேறொன்று சொன்னார். "அந்தச் சோத்தைச் சாப்பிட்டு முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். முடிச்சப்புறம் காஃபி கொடுத்தாங்க."

பதின்மூன்றாம் தேதி வந்தது, போனது. ஜாரெல் விட்கமுக்குப் போவதாக ஊர்ச் செய்தித்தாளில் படத்தோடு வந்தது. மறுநாளே டுப்ரீயின் பல்கலைக்கழகம் அவனுக்காக வைத்திருந்த இடத்தை டெக்சஸ் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டது.

எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போகிறோம் என்று பையன்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள் பிப்ரவரி முதல் புதன்கிழமை. அதற்கு எட்டு நாள் முன்னால் ஜாரெலுக்கு இடம் இல்லை என்று அடெல் முடிவைச் சொன்னார். ராய்ஸ் விமானம் பிடித்து வந்து அவர் அறைக்கே போனார். நானும் கூடப் போனேன்.

அடெல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குள்ளமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். "வகுப்புல சேர்ந்தானா?"

"இல்ல."

"ஏன் சேரல?"

ராய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லவே இல்ல, அப்படித்தானே?"

"ஒரு பையன், அடெல். ஒரே ஒரு பையன். கோடையில படிச்சுடுவான்."

"இந்த வருஷம் பன்னிரண்டாயிரம் பேர் விண்ணப்பிச்சிருக்காங்க. பத்தாயிரம் பேருக்கு இல்லன்னு எழுதப் போறேன். அதுல வேதியியல் படிச்சவங்க எத்தனை பேர் தெரியுமா?" அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "ஒவ்வொரு வீட்டுலயும் போய் என்ன சொல்றீங்க, டில்லரி? எல்லாரையும் சேர்க்க மாட்டாங்கன்னுதானே? அப்படி நீங்க சொல்ல முடியணும்னா, நான் இங்க உக்காந்து இதைச் செஞ்சாகணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். நாங்கள் வெளியே வந்தோம். "ஃபோன்ல சொல்லிடுங்க" என்றேன். ராய்ஸ் தலையை ஆட்டி மறுத்தார். காரை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் ஓட்டிப் போனார்.

அவர் எதிர்பாராமல் வார நாளில் வந்து நின்றதைப் பார்த்ததுமே ரோஷெலுக்கு ஏதோ புரிந்துவிட்டது. ஜாரெல் பள்ளியிலிருந்து வந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேதியியல், மாலை வகுப்பு, கடைசித் தேதி. தாளையும் மேஜைமேல் வைத்தார்.

ரோஷெல் படித்தார். மேலே இருந்த தேதியில் விரலை வைத்தார்.

"இது எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை. ஆறாம் தேதி."

"நீங்க இங்க வந்தது எட்டாம் தேதி."

"ஆமா."

"அப்போ இது எங்க இருந்துச்சு?"

"கோட்டுப் பையில."

ரோஷெல் நாற்காலியில் நிமிர்ந்தார். "வெண்டைக்காய் வச்சேன். நீங்க ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க."

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாப்பது நிமிஷம்தானே அந்தக் காலேஜ். நான் தினமும் ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன். லாரியிலகூடக் கொண்டுபோய் விட்டிருப்பேன். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும்..." அவர் அதை முடிக்கவில்லை. தாளை மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஜாரெல் பால் டம்ளரைத் தொட்டியில் வைத்துக் கழுவினான். நிதானமாகக் கழுவினான். "டுப்ரீ சாருக்கு ஃபோன் பண்ணலாமாம்மா?"

பண்ணினார்கள். டுப்ரீ வருத்தப்பட்டார். இடம் போய்விட்டது என்றார். ஃபோனை ராய்ஸிடம் கொடுக்கச் சொன்னாராம். ராய்ஸ் வாங்கிக் காதில் வைத்ததும், "நான்கூட அந்த மாதிரி செஞ்சதில்லய்யா" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்த முறை லைப்ரேரியன் என்று கூப்பிடவில்லை.

அடுத்த ஆறு நாளும் ராய்ஸ் மோட்டல் அறையில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த கோச்சுகள் எல்லாருக்கும் ஃபோன் செய்தார். பெரிய இடங்களெல்லாம் நிரம்பியிருந்தன. கடைசியில் மிசிசிப்பியில் ஒரு இரண்டு வருடக் கல்லூரி எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. கையெழுத்து நாளன்று பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜை போட்டு, துணி விரித்து, பையன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பல்கலைக்கழகத்தின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஜாரெல் போட்டுக்கொள்ளத் தொப்பி எதுவும் வந்து சேரவில்லை. வெறும் தலையோடு கையெழுத்துப் போட்டான். ராய்ஸ் அங்கே போகவில்லை. பள்ளியின் கோச் அவரிடம் பிறகு சொன்னது இது.

தலைமை கோச் ராய்ஸை வேலையிலிருந்து நீக்கவில்லை. இப்படி நடப்பது உண்டு என்று விட்டுவிட்டார். அதுதான் ராய்ஸை அதிகமாகத் தொந்தரவு செய்தது என்று நினைக்கிறேன். யாராவது திட்டியிருக்கலாம். அவர் அந்த ஊருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அடுத்த வருடம் செயின்ட் ஓடில் பக்கம் இருந்த பையன்களைப் பார்க்க என்னை அனுப்பிவிட்டு அவர் ஜார்ஜியாவுக்குப் போனார்.

இரண்டு வருடம் கழித்து அடெல் எங்கள் அறைக்கே வந்தார். அவர் ஃபுட்பால் கட்டடத்துக்குள் கால் வைத்து நான் பார்த்தது அன்றுதான். கையில் ஜாரெலின் மதிப்பெண் பட்டியலும் ஒரு கடிதமும்.

"மிசிசிப்பியில இருந்து வாங்கிப் பார்த்தேன். வேதியியல் ரெண்டு பருவம். ரெண்டுலயும் ஏ." ராய்ஸின் மேஜைமேல் வைத்தார். "விண்ணப்பிச்சா இடம் உண்டு. எழுதியே கொண்டு வந்திருக்கேன்."

"நீங்களா கேட்டு வாங்குனீங்க?"

"வருஷா வருஷம் சில பேரை ஞாபகம் வச்சுக்கறேன்" என்றார் அடெல். உட்காராமலே போய்விட்டார்.

ராய்ஸ் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கல்லூரி விடுதிக்கு ஃபோன் செய்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஜாரெல், நான் ராய்ஸ் டில்லரி."

 மறுபக்கம் ஜாரெலின் குரல் எனக்கே கேட்டது. அது இன்னும் கனத்துப்போயிருந்தது. "சொல்லுங்க கோச்."

ராய்ஸ் சொன்னார்.

"எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"கையில இருக்கு."

"படிங்க. முழுசா படிங்க. தேதியில இருந்து."

ராய்ஸ் தேதியிலிருந்து கையெழுத்து வரை படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சரி" என்றான் ஜாரெல். "எனக்கு ஒரு நகல் அனுப்புங்க. அம்மாவுக்கு ஒண்ணு அனுப்புங்க. எனக்கு வேற மூணு இடம் வந்திருக்கு, யோசிச்சுச் சொல்றேன்."

"அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் கோச். தாளை மட்டும் அனுப்புங்க."

ஜாரெல் வந்தான். இயந்திரப் பொறியியலில் சேர்ந்தான். அந்தப் படிப்புக்காகத்தான் வந்தான், எங்களுக்காக இல்லை என்பதை அவன் மறைக்கவில்லை. முன்வரிசையின் இடது முனையில் இரண்டு பருவம் ஆடினான். முதல் வருடம் நான்கு ஆட்டம் ஜெயித்தோம், அடுத்த வருடம் ஆறு. அவன் ராய்ஸின் வரிசையில்தான் ஆட வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் இருவரும் ஓரடி இடைவெளியில் நிற்பார்கள். "இடுப்பைத் தாழ்த்து." "சரி கோச்." "கையை உள்ள வை." "சரி கோச்." அவன் ஒரு நாளும் மரியாதை குறைத்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வான். மற்ற பையன்கள் ராய்ஸிடம் வந்து காதலியைப் பற்றியும் காரைப் பற்றியும் புலம்புவார்கள். ஜாரெல் பயிற்சி முடிந்ததும் தலைக்கவசத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போய்விடுவான்.

எங்கள் மைதானத்தில் ஆட்டம் இருந்தால் ரோஷெலும் சிமோனும் முந்தின நாளே கிளம்பி வந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் வாகன நிறுத்தத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து பெரிய சட்டி நிறையச் சோறும் குழம்பும் வைத்து, முன்வரிசைப் பையன்கள் எல்லாருக்கும் ரோஷெல் போடுவார். இருபது பேர் தட்டோடு நிற்பார்கள். எனக்கும் போட்டிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்பார். ராய்ஸ் தன் கார் இருக்கும் இடத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தடவை ஒரு பையன் வாய் நிறையச் சோற்றோடு, "கோச், வாங்க, சாப்பிடுங்க" என்று கத்தினான். அவனுக்கு எதுவும் தெரியாது.

ராய்ஸ் நின்றார். ரோஷெல் கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை.

"நல்லா ஆடினாங்க கோச்" என்றார்.

"ஆமா, மிஸ் ரோஷெல்." பையனிடம் திரும்பி, "நான் சாப்பிட்டாச்சுப்பா" என்றார். போய்விட்டார். அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களுக்குக் காரை மைதானத்தின் மறுபக்கம் நிறுத்தினார். அங்கிருந்து எங்கள் கட்டடத்துக்குக் கால் மைல் நடக்க வேண்டும்.

பட்டமளிப்பு ஒரு மே மாத ஞாயிறு. கோச்சுகள் வருவது வழக்கம் இல்லை. நான் ஜாரெலுக்காகப் போனேன். ராய்ஸ் கடைசி வரிசைக்கும் பின்னால், மரத்தடியில் கோட்டும் டையுமாக நின்றுகொண்டிருந்தார். ஜாரெல் மேடை ஏறியபோது செயின்ட் ஓடிலிலிருந்து வந்த பதினைந்து பேர் எழுந்து கூச்சல் போட்டார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படிக் கூச்சல் போடுவதில்லை. முன்வரிசையில் பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் கைதட்டினார்.

எல்லாம் முடிந்து கூட்டம் புல்வெளியில் கலைந்தபோது நார்சிஸ் குடும்பம் படம் எடுக்க வரிசையாக நின்றது. கேமரா சிமோன் கையில் இருந்தது. ரோஷெல் அவளையும் படத்தில் வரச் சொன்னார். யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான் எதிர்ப்பக்கம் இன்னொரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். மரத்தடியில் நின்ற ராய்ஸ்தான் பக்கத்தில் இருந்தார்.

"கோச், ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?"

அவர் வந்து வாங்கிக்கொண்டார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சிமோன் காட்டிக் கொடுத்தாள். "அண்ணனோட தலை வெட்டுப்படாம எடுங்க. ரொம்ப உயரம்."

"சரிம்மா."

பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். ஜாரெலை முழுதாகப் பிடிக்க அவ்வளவு தூரம் வேண்டியிருந்தது. மூன்று படம் எடுத்தார். ஒரு படத்தில் யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று நான்காவதும் எடுத்தார். கேமராவைக் கொண்டுபோய் ரோஷெலிடம் கொடுத்தார். ரோஷெல் வாங்கிக்கொண்டு, "நன்றி" என்றார். ஏதோ இன்னும் சொல்ல வந்த மாதிரி ஒரு நொடி நின்றார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு அத்தை அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

ஜாரெல் கையை நீட்டினான். ராய்ஸ் குலுக்கினார்.

"ஆலையில கூப்பிட்டிருக்காங்களாமே?"

"ஆமா கோச். கொதிகலன் பகுதி. ஜூன்ல சேரணும்."

"நல்லது" என்றார் ராய்ஸ்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு மூன்று வருடம் இருந்தார். அலபாமாவில் ஒரு வீட்டுக்கு நானும் அவரோடு ஒருமுறை போயிருந்தேன். பையனின் அப்பா கேட்டார், விட்கமில் இடம் கிடைக்குமா என்று. ராய்ஸ் முன்பெல்லாம் சொல்லிவந்த எதையும் சொல்லவில்லை.

"தெரியாது சார். எழுதிக் கேட்டிருக்கேன். என்ன பதில் வந்தாலும் அன்னைக்கே ஃபோன் பண்றேன். அதுவரைக்கும் வேற யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லிடாதீங்க."

அந்த அப்பா அவரை ஒரு மாதிரி பார்த்தார். பையன் பிடிக்க வந்தவர் யாரும் அப்படிப் பேசி அவர் கேட்டிருக்க மாட்டார். உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பொரித்த கோழியின் வாசனை எனக்கு நன்றாகவே வந்தது. ராய்ஸ் நன்றி சொல்லி எழுந்துவிட்டார். நானும் எழ வேண்டியதாயிற்று.

காரில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டினோம். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இரண்டு சாண்ட்விச் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே தன்னுடையதைத் தின்றார். அந்தப் பையன் எங்களிடம் வரவில்லை.